பதினோரு உருப்படி

வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒன்பதாம் நாள் காலையில் அந்த ஃபர்னிச்சர் செட்டு எட்டு வயதுப் பெண் ஒருத்தியை வெளியே அனுப்பியது. கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது. ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி உண்டு. பிள்ளை இரண்டாம் மாடிப் படிக்கட்டு முகப்பில், தன் பாய், தலையணை, போர்வை சகிதம், காலை மடக்கிக்கொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பால் போட வந்தவர் அவளைச் சுற்றிக்கொண்டு போய் அழைப்புமணியை அழுத்தி, "உங்க பொண்ணு வெளிய படுத்திருக்குங்க" என்று, பால் விலை ஏறியதைச் சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டு மேல்மாடிக்குப் போனார். அதற்கு முன்பே ஒரு பிரம்பு நாற்காலியும் ஒரு புத்தக அலமாரியும் பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு முக்காலியும் அதே வழியாக வெளியே போயிருந்தன. ஆகவே தாய்க்கு அதிர்ச்சியைவிட அவமானம்தான் முந்திக்கொண்டு வந்தது. பிள்ளையைப் பாயோடு சேர்த்து அள்ளிக்கொண்டு, எதிர்வீட்டு நர்ஸம்மாவின் கதவு திறப்பதற்குள் உள்ளே ஓடிவந்துவிட்டாள்.

அந்தத் தாயை அக்கம்பக்கத்தில் ஆல்ட்டரேஷன் அக்கா என்பார்கள். மூன்று மாடி ஜவுளிக்கடை ஒன்றின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல் மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஆள் உயரக் கண்ணாடி ஒன்று. இவ்வளவுதான் அவள் ராஜ்யம். பேண்ட் கால் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, தோள்பட்டையைப் பிரித்து இறக்குவது அவள் வேலை. வாங்கின துணி சரியில்லை, திருப்பி எடுத்துக்கொள் என்று சண்டைக்கு வருகிறவர்களையும் முதலாளி நைசாக அவளிடம் தள்ளிவிடுவார். அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே நாலு வார்த்தை பேசி, அவர்களைக் கண்ணாடிமுன் நிறுத்தி, அளவெடுத்து அனுப்பிவிடுவாள். பொருந்தாதது என்று உலகத்தில் எதுவும் கிடையாது, கொஞ்சம் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்சம் விட வேண்டும் என்பது இருபது வருஷத்தில் அவள் கை கற்றுவைத்திருந்த பாடம். அந்தப் பாடம்தான் அவளைக் கெடுத்தது. அந்தச் செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது கடைசிவரை அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

முதல் கணவன் இறந்தபின் ஆறு வருஷம் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணி ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. சொல்லாமலே செய்யத் தெரிந்தவள். பிள்ளைக்கென்று ஓர் இடம் அந்த வீட்டில் ஒதுங்கவே இல்லை; ஒருநாள் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் படுப்பாள், மறுநாள் அண்ணன் பிள்ளைகளின் கால்மாட்டில், விருந்தாளி வந்தால் துணி காயப்போடும் நடையில். உருண்டையாக இருந்ததாலும் எங்கே விட்டாலும் உருண்டு மூலைக்குப் போய்விடுவதாலும் அவளுக்குப் பட்டாணி என்றே பெயர் விழுந்துவிட்டது. என் பிள்ளை காலை நீட்டிப் படுக்க ஒரு இடம் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று தாய் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான், ஒரே மாதிரி ஐந்து பேண்ட் வாங்கிக்கொண்டு கால் குறைக்க ஒருவர் வந்தார். நாற்பத்தாறு வயது, கல்யாணமாகாதவர், பல்செட்டுக்காரர். மூன்று பல் வைத்தியர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கிறவர். ஐந்து பேண்ட்டும் ஒரே நிறம், ஒரே துணி. "எதை எடுத்துப் போட்டாலும் யோசிக்க வேணாம் பாருங்க" என்றார். அந்த ஒழுங்கு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கல்யாணப் பேச்சு வந்தபோது பிள்ளையைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "வரட்டுமே, பிள்ளதானே" என்றார் அவர். அந்த இரண்டு வார்த்தைக்காக அவள் அந்த மனிதரிடம் ஆயுசு முழுக்க வாயைத் திறக்காமல் இருக்கத் தயாராகிவிட்டாள்.

அவளுடைய சீர் என்று பார்த்தால் அந்தப் பிரம்பு நாற்காலி, அலமாரி, பச்சை முக்காலி மூன்றும்தான். ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை. ஒன்று முதல் கணவன் வாங்கியது, ஒன்று கடை முதலாளி கழித்துக் கொடுத்தது, முக்காலி பட்டாணி உட்கார்ந்து எழுதுவதற்காக ஏலத்தில் எடுத்தது. இவற்றோடு ஒரு மேஜையும் ஒரு பெஞ்சும் சேர்த்துக்கொண்டால் ஹால் நிறைந்துவிடும் என்று அவளுக்குக் கணக்கு. இருவருமாக ஃபர்னிச்சர் கடைக்குப் போன அன்று பின்கட்டில் அப்படிப்பட்ட சாமான்கள் கிடந்தன. கையில்லாத நாற்காலி, விளிம்பு கறுத்த மேஜை, ஒரு பக்கம் மட்டும் சாய்மானம் உள்ள பெஞ்சு. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். பிள்ளை படுக்கலாம், பக்கத்தில் தானும் உட்காரலாம். எழுந்து அவரைத் தேடிப்போனபோது அவர் முன்கட்டில் பதினோரு உருப்படி கொண்ட ஒரு செட்டுக்கு முன்னால் சிலையாக நின்றிருந்தார். நீள சோஃபா, ஒற்றை சோஃபா இரண்டு, டீப்பாய், ஷோகேஸ், டிவி ஸ்டாண்டு, சாப்பாட்டு மேஜை, அதற்கு நாலு நாற்காலி. எல்லாம் ஒரே மரம், ஒரே மெருகு. மெத்தைத் துணி காப்பிக்கொட்டை நிறம், அதில் வெளிர்மஞ்சள் இலைகள்.

"பாரு, ஒண்ணுக்கொண்ணு மொகம் சுளிக்காம நிக்குது. கலந்து கட்டியா போட்டா பல்லு ஒண்ணொண்ணும் ஒரு கலர்ல இருக்கிற மாதிரி இருக்கும்" என்றார்.

பெஞ்சைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். ஏற்கனவே ஓர் உருப்படியைக் கூடுதலாகக் கையில் பிடித்துக்கொண்டு இந்த மனிதர் வீட்டுக்குள் நுழைகிறோம், இதற்குமேலும் நம் இஷ்டம் என்று ஒன்றைச் சொல்லக்கூடாது என்று தோன்றிவிட்டது. "சரிங்க, செட்டே எடுத்துக்கலாம்" என்றாள். சொல்லும்போது கை ஒற்றை சோஃபாவின் கைப்பிடிமேல் இருந்தது. பட்டாணி அன்று பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

செட்டு வந்து இறங்கிய மறுநாள் காலை பிரம்பு நாற்காலி முகப்பில் நின்றது. அவர் வெளியே வைத்ததாக அவளும், அவள் வைத்ததாக அவரும் நினைத்து, புதுக் குடித்தனத்தில் இதை எதற்குப் பெரிதாக்குவது என்று இரண்டு பேரும் சும்மா இருந்துவிட்டார்கள். நாலாம் நாள் புத்தக அலமாரி, புத்தகங்களோடு, ஒரு புத்தகம்கூடச் சரியாமல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து மூவரும் உட்கார்ந்திருக்கும்போதே பச்சை முக்காலி எழுந்தது. எழுந்தது என்றால் துள்ளவில்லை, பறக்கவில்லை; இங்கே நமக்கு வேலையில்லை என்று தெரிந்த ஆள் எழுந்து போவதுபோல நகர்ந்தது. தாழ் தானாக விலகியது, கதவு வழிவிட்டது, முக்காலி போனதும் கதவு மூடித் தாழ் போட்டுக்கொண்டது. பட்டாணி கையில் நோட்டுப் புத்தகத்தோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா மூன்றையும் தன் வீட்டுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்க செட்டுக்கு இன்னும் என்னென்ன புடிக்கலேன்னு கேட்டுச் சொல்லும்மா, எனக்குக் கட்டிலும் வேணும்" என்று படியில் பார்க்கும்போதெல்லாம் கிண்டல் பண்ணினாள். அடுத்தது பிள்ளை என்று அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

பிள்ளை வெளியே போன பிறகுதான் ஃபர்னிச்சர் கடைக்குச் சொல்லி அனுப்பினார்கள். டை கட்டிய ஒருவர் அங்கிருந்து வந்து எல்லாக் காலையும் ஆட்டிப் பார்த்தார், இணைப்புகளைத் தட்டிப் பார்த்தார், பூச்சி அரித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை என்றார். நல்ல செட்டு என்றால் அப்படித்தான் இருக்கும், தரம் மட்டமாக இருந்தால்தான் கண்டதையும் சேர்த்துக்கொள்ளும் என்று விளக்கினார். "உங்க ரெண்டு பேரையும் ஒண்ணும் பண்ணலியே? நீங்க தேர்ந்தெடுத்தவங்க. பாப்பா அன்னிக்கு வரல போலிருக்கு" என்றார். போகும்போது, என்றாவது கிழிந்தால் ஒட்டுப்போட என்று, அதே மெத்தைத் துணியில் ஒரு பெரிய சுருளை இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் விடாமல் பிள்ளை வெளியே போய்க்கொண்டிருந்தாள். பல்செட்டுக்காரர் மோசமான ஆள் இல்லை. தினமும் காலையில் அவரே போய்த் தூக்கிக்கொண்டு வந்தார், தலையைத் தடவிக்கொடுத்தார், சளி பிடிக்கும் என்று கழுத்தில் துண்டைச் சுற்றினார். நர்ஸம்மா கிண்டலை விட்டுவிட்டு, "எங்கிட்ட படுக்கட்டும்மா, எனக்கு யாரு இருக்கா" என்று கேட்டாள். "எம் பிள்ளைக்கு வீடு இருக்குங்க" என்று தாய் வெடுக்கென்று சொல்லிவிட்டாள். படுக்கையறையில் தங்களோடு படுக்கவைத்துப் பார்த்தார்கள். காலையில் அங்கேயும் காணோம். எட்டாம் நாள் அவர் பட்டறையிலிருந்து தன் ஷேடு பட்டையைக் கொண்டுவந்தார். பதினாறு பொய்ப்பல் வரிசையாகக் கோத்த பட்டை அது. பல்லுக்கு நிறம் பார்க்க வேண்டுமானால் விளக்கு வெளிச்சம் ஆகாது; காலை பத்து மணிக்குமேல், ஜன்னலோரம், வாயைத் துடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்படியே பட்டாணியை ஜன்னலோரம் உட்காரவைத்து முகத்தைத் துடைத்தார். கன்னத்துக்குப் பக்கத்தில் சோஃபாக் கைப்பிடியைத் திருப்பி வைத்து, நடுவில் பட்டையை நீட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு ஷேடு தள்ளி இருக்கா" என்றார் கடைசியில். "அவ்வளவுதான். பெரிய வித்தியாசம் இல்ல."

"இப்ப என்னங்க பண்றது?"

"ஒரு பல்லு சேரலேன்னா மத்த பல்லையெல்லாம் புடுங்குவமா? அந்த ஒண்ணத்தான் சரி பண்ணுவோம்."

அவர் குரூரமாகச் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர் தொழிலைச் சொன்னார். அவளும் தொழில் தெரிந்தவள்தானே. அன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு மெத்தைத் துணிச் சுருளைப் பிரித்தாள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஒரு கவுன், வளர வளரப் பிரித்துவிடுவதற்கு உள்ளே நாலு விரல் துணி மடித்துவைத்து, வெளிர்மஞ்சள் இலைகள் தையலில் வெட்டுப்படாமல் ஒன்றோடொன்று சேரும்படி, அவள் வாழ்க்கையில் தைத்ததிலேயே சுத்தமான தையல். துணி மொரமொரவென்று இருந்தது. கழுத்து அரிக்குதும்மா என்று பிள்ளை சொன்னாள். "ரெண்டு நாளு பொறுத்துக்கோடி, தோய்ச்சா சரியாப் போயிடும்" என்று போட்டுவிட்டாள். மறுநாள் காலை விழித்ததும் இருவரும் ஹாலுக்கு ஓடினார்கள். பட்டாணி நீள சோஃபாவில், முதல்முறையாகக் காலை முழுசாக நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். தாய் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அன்றுமுதல் பிள்ளை அவரை சார் என்று கூப்பிடுவதை விட்டு அப்பா என்றாள்.

அதற்குப்பிறகு வருஷங்கள் ஒரு தொந்தரவும் இல்லாமல் போயின. பள்ளிச் சீருடையோடு வந்தால் விளக்கு போடுவதற்குள் மாற்றிக்கொள்ள வேண்டும், மறந்தால் புத்தகப்பை வெளியே கிடக்கும், அவ்வளவே சட்டம். பத்து வயதில் பட்டாணியின் தலைமுடி மரத்தின் மெருகு நிறத்துக்கு வந்தது. பன்னிரண்டில், காற்று உலர்ந்த மாதங்களில் அவள் முழங்கால் நாற்காலி இணைப்புபோலக் கீச்சிட்டது. தாய் தேங்காய் எண்ணெய் தடவினாள். உருண்டு மூலைக்குப் போகிற பழக்கம் நின்றது. ஒற்றை சோஃபாவில் ஒன்றில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள், கூப்பிட்டால்தான் அங்கே ஆள் இருப்பது தெரியும். வீட்டுக்கு வந்த பல் வைத்தியர் ஒருவர் அவள்மேலேயே உட்கார்ந்துவிட்டார். காப்பி வந்தபிறகுதான் அவர் பதறி எழுந்தார். வருகிறவர்களெல்லாம் ஹாலைப் பார்த்து, என்ன ஒரு பாந்தம், எல்லாம் ஒரே கையில் செய்தமாதிரி என்றார்கள். பல்செட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் மறுபடியும் பட்டையை நீட்டிப் பார்த்துவிட்டு, இப்போது ஒரு ஷேடுகூட வித்தியாசமில்லை என்று சந்தோஷப்பட்டார். மெத்தைத் துணிச் சுருள் வருஷத்துக்கு வருஷம் இளைத்தது. கவுன் பாவாடையாயிற்று, பாவாடைக்குக் கீழே பட்டை சேர்ந்தது, மேலே சட்டை வந்தது. பதினாறாம் வயதில் கடைசித் துண்டு முழங்கை ஒட்டுக்குப் போய்விட்டது. அந்தத் துணியை இப்போது யாரும் நெய்வதில்லை என்று கடையில் சொன்னார்கள்.

அந்த வருஷம்தான், ஒரு சனிக்கிழமை காலை, ஆல்ட்டரேஷன் அக்கா ஹாலைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். ஷோகேஸைத் துடைத்தாள், டீப்பாயைத் துடைத்தாள், முதல் ஒற்றை சோஃபாவின் சாய்மானத்தைத் தட்டி, கைப்பிடியைத் துடைத்து, நெற்றியைத் துடைத்து, முழங்கையை மடிப்புவிடாமல் துடைத்து, முழங்காலில் ஒரு அழுத்து அழுத்தித் தேய்த்துவிட்டு அடுத்த சோஃபாவுக்குப் போய்விட்டாள். அங்கே பாதி துடைத்தபிறகுதான் நெற்றி என்று ஒன்று இடையில் வந்தது ஞாபகத்துக்கு வந்தது. திரும்பிப் பார்த்தாள். பட்டாணி கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். துடைத்த இடம் பளபளவென்று இருந்தது.

"ஏண்டி சொல்லல?"

"பழக்கந்தானேம்மா. நீ எப்பவும் சனிக்கிழமை துடைப்பியே."

எத்தனை சனிக்கிழமை என்று கேட்கத் தாய்க்குத் தைரியம் வரவில்லை. துணியைக் கீழே போட்டாள். தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சாயங்காலம் அவர் வந்ததும் வராததுமாக, எட்டு வருஷத்தில் பேசாததையெல்லாம் சேர்த்துவைத்துப் பேசினாள். "இந்தச் செட்டு எனக்கு வேணாங்க. அன்னிக்கே எனக்குப் புடிக்கல, வாயத் தொறக்காம இருந்துட்டேன். இன்னிக்கே தூக்கிப் போடுங்க, நாலு ஓட்டை நாற்காலி போதும், எம் பொண்ணு எம் பொண்ணா இருக்கட்டும்." சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை, செட்டைப் பார்த்தே சொன்னாள். அவர் சண்டை போடவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "உனக்குப் புடிக்கலேன்னா போகட்டும். ஆனா அன்னிக்கு அவளக் கேக்காம எடுத்தோம், அதான் தப்பாப் போச்சு. இப்ப அவளக் கேட்டுக்க" என்றார். இதைவிட நியாயமாக யாரும் பேச முடியாது. தாய்க்குத் தெம்பு வந்துவிட்டது. மகள் முன்னால் போய் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை வழவழவென்று குளிர்ந்திருந்தது.

"சொல்லுடி. தூக்கிப் போட்டுறலாமா?"

பட்டாணி அம்மாவைப் பார்த்தாள். கோபம் இருந்தாலாவது தேவலை, அதுவும் இல்லை.

"செட்டு இருக்கட்டும்மா" என்றாள். "வெளிய படுத்தது நான்தான், நீ இல்ல. காலைல கண்ணு முழிச்சா வாசல்ல கிடப்பேன், பால்காரர் தாண்டிப் போவார். இது என்னை ஏத்துக்கிச்சு. மறுபடியும் வேற ஒண்ணுக்குப் பொருந்த என்னால முடியாது."

"அம்மா இருக்கேண்டி."

"அப்பவும் நீ இருந்தியேம்மா."

மறுநாள் காலையில் பால்காரர் அழைப்புமணியை அழுத்தி, "உங்க வீட்டம்மா வெளிய படுத்திருக்காங்க" என்றார். ஆல்ட்டரேஷன் அக்கா அதற்குள் விழித்துவிட்டிருந்தாள். முகப்புத் தரை இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஏழெட்டு நாள் பிள்ளை இந்தத் தரையில்தான் கிடந்தது என்ற நினைப்பு வந்து அவளை எழவிடாமல் அழுத்தியது. கதவைத் திறந்தது பட்டாணிதான். பாயின் மறுமுனையைப் பிடித்து உள்ளே இழுக்க உதவினாள். அவள் மனசு கேட்கவில்லையோ என்னவோ, ஒரு வாரம் கழித்துத் தன் பழைய மெத்தைத் துணிப் பாவாடை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதைப் பிரிச்சு உனக்கு ஏதாச்சும் தைச்சுக்கோயேன்." தாய் அதை வாங்கி, மடிப்பு கலையாமல் திருப்பி அவள் அலமாரியிலேயே வைத்தாள். "கிழிஞ்சா உனக்கு வேற துணி கிடையாதுடி. இது உனக்கு வேணும்."

இது நடந்து ஏழு வருஷமாகிறது. பல்செட்டுக்காரருக்குக் கண் மங்கிவிட்டது, நிறம் பார்க்க இப்போது பட்டாணிதான் பட்டறைக்குப் போய்வருகிறாள். அவள் சொன்னால் பிசகுவதில்லை என்று மூன்று வைத்தியர்களும் சொல்கிறார்கள். ஆல்ட்டரேஷன் அக்கா அதே மாடிப்படிக்கு அடியில் அதே மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் வீட்டுக்குள் வருகிறாள், குளிக்கிறாள், சமைக்கிறாள், வேலைக்குப் போகிறாள், திரும்பிவந்து மூன்று பேருமாகச் சாப்பிடுகிறார்கள், சிரிப்புப் பேச்சும் உண்டு. மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரம் விசாரிப்பார்கள், இரண்டாம் வாரம் படியில் பார்த்துக் கால்வைக்கப் பழகிக்கொள்வார்கள். மழைக்காலத்தில் சாரல் அடிக்கும் என்று நர்ஸம்மா ஒரு படுதா கட்டிக்கொடுத்திருக்கிறாள். எப்படியும் வெளியேதான் விழிக்கப்போகிறோம், நம்மைத் தூக்கிக்கொண்டு போகிற சிரமம் அந்தச் செட்டுக்கு எதற்கு என்று, இப்போதெல்லாம் அவளே சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறாள். "படுத்துக்கோம்மா" என்று சொல்லி மகள் உள்ளிருந்து தாழ் போடுகிறாள். தாழ் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று கதவை வெளியிலிருந்து ஒருதரம் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் தாய் படுத்துக்கொள்வாள்.